ஹாரன் ஒலிக்காத நாள்கள்

மணிலா
ஏப்ரல் 22, 1996

செல்வி ஃபெலிசா பார்த்தோசா அவர்களுக்கு,
தர்க்கப் பயிற்சி வகுப்பு, ரொட்டிக்கடை மாடி, துமகெத்தே.

பொருள்: சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு, தர்க்கப் பகுதி, இருபத்துமூன்றாம் கேள்வி.

மேற்கண்ட கேள்விக்கு நாடு முழுவதும் பத்தில் ஒருவரே சரியான விடை எழுதியுள்ளார். துமகெத்தே மையத்தில் எழுதிய தங்கள் வகுப்பு மாணவர் ஒன்பது பேரும் சரியாக எழுதியுள்ளனர். கேள்வி முன்கூட்டியே தங்கள் வகுப்பை எட்டியிருக்க வேண்டும் என்று தேர்வுக் குழு கருதுகிறது. விசாரணை முடியும்வரை ஒன்பது பேரின் சேர்க்கையும் நிறுத்தி வைக்கப்படுகிறது. தங்கள் விளக்கத்தை எழுத்து மூலம் அனுப்பவும்.

கொன்சோர்சியா எல்னார்
தலைவர், கேள்வித்தாள் பிரிவு

•

துமகெத்தே
ஏப்ரல் 30, 1996

மதிப்பிற்குரிய மேடம்,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் விளக்கம் எழுதிப் பழகியவள் அல்ல, கேள்வி எழுதிப் பழகியவள். ஆகவே கேள்வியாகவே எழுதுகிறேன்.

கீழ்க்கண்ட பத்தியைப் படிக்கவும். “ஒரு கேள்விக்கு நாட்டில் பத்தில் ஒருவர்தான் சரியாக விடை எழுதினார். ஒரே வகுப்பில் படித்த ஒன்பது பேரும் சரியாக எழுதினார்கள். ஆகவே கேள்வி அவர்களுக்கு முன்பே கிடைத்திருக்கிறது.” இந்த வாதத்தில் ஓட்டை எங்கே?

எங்கே இல்லை என்று கேட்டிருந்தால் எனக்கு வேலை மிச்சமாகியிருக்கும். ஒன்பது பேரும் ஒரே கரும்பலகையைப் பார்த்து யோசிக்கக் கற்றவர்கள். ஒரே வீட்டில் சாப்பிட்டவர்கள் எல்லோர் வாயிலும் பூண்டு மணம் வீசினால் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் திருடினார் என்றா எழுதுவீர்கள்? அடுத்தது, பதினேழாம் கேள்வியும் கடினம் என்கிறார்கள். அதில் எட்டுப் பேர் கோட்டை விட்டுவிட்டு என் எதிரில் உட்கார்ந்து அழுதார்கள். பூட்டை உடைத்து உள்ளே போன திருடன் ஒரே ஒரு கரண்டியை மட்டும் எடுத்துக்கொண்டா வருவான்? தங்களுக்கு வேண்டிய கேள்வியை மட்டும் எண்ணி, வேண்டாததை எண்ணாமல் விட்டிருக்கிறீர்கள். இந்தக் குறைக்கு என்ன பெயர் என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெயரை வைத்தவர்களில் தாங்களும் ஒருவர்.

ஒன்பது பேரில் க்ளெண்டா என்று ஒருத்தி. துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறாள். வயது முப்பத்தொன்று, இரண்டு பிள்ளைகள், புருஷன் இல்லை. முன்பு இரண்டு முறை தனியாகப் படித்து எழுதினாள்; என் வகுப்பில் சேர்ந்து மூன்றாம் முறையாக எழுதி, இந்த முறைதான் பட்டியலின் கடைசி வரியில் பெயர் வந்தது. தங்கள் கடிதத்தை அவளிடம் காட்டியவள் நான். அந்த முகத்தைப் பார்த்தவளும் நான்தான்.

ஒன்று கேட்க வேண்டும். தங்கள் கையெழுத்துக்குக் கீழே பேனாவால் ஏதோ எழுதி அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். “மாடியில் இன்னும்” என்பது மட்டும் தெரிகிறது. மாடியில் இன்னும் என்ன மேடம்?

ஃபெலிசா பார்த்தோசா

•

மணிலா
மே 8, 1996

இசாய்,

என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடுவாய் என்றுதான் நினைத்தேன். படித்திருக்கிறாய். வெளிச்சத்தில் வேறு பிடித்துப் பார்த்திருக்கிறாய்.

மாடியில் இன்னும் அந்தச் சூடு வருகிறதா என்று கேட்க நினைத்தேன். நாம் சேர்ந்து நடத்திய காலை வகுப்பில் கீழே அடுப்பு எரியும்போது தரைப் பலகை வழியாகக் காலில் ஏறுமே, அந்தச் சூடு. இரண்டாம் ஈடு இறங்கும் நேரத்தில் ரொட்டி வாசனை வந்துவிடும், ஒருவருக்கும் பாடம் ஏறாது. பசித்த வயிறு எல்லா முடிவையும் ஒப்புக்கொள்ளும் என்று நீ பலகையில் எழுதி வைத்தாய். அலுவலகக் கடிதத்தில் இதையெல்லாம் கேட்பது முறையல்ல என்று அடித்துவிட்டேன்.

நீ சொன்ன ஓட்டைகளை எல்லாம் குழுவில் நானும் சொன்னேன். செவெரினோ சார்தான் குழுத் தலைவர், கெட்டவர் இல்லை. “எல்னார், உங்க ஊருக்காகப் பேசுறீங்களா?” என்று கேட்டார். அதற்குமேல் நான் பேசவில்லை. பிரிவுத் தலைவர் என்பதால் கடிதத்தில் நான்தான் கையெழுத்திட வேண்டியிருந்தது. அதை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கேள்வியைக் காட்டாமல் விளக்கம் கேட்பது நியாயமில்லை என்று வாதாடி அனுமதி வாங்கியிருக்கிறேன். கேள்வி இதுதான்:

“ஒரு ரொட்டிக்காரர் தினமும் காலையில் ஹாரன் அடித்தபடி சைக்கிளில் தெருத்தெருவாக விற்கிறார். சில நாள்களில் ஹாரன் ஒலிப்பதில்லை. அந்த நாள்களில் ரொட்டி அதிகமாக விற்கிறது. ஆகவே ஹாரன் சத்தம்தான் மக்களை விரட்டுகிறது என்று முடிவு செய்து அதைத் தூக்கி எறிகிறார். கீழ்க்கண்டவற்றில் எது அவர் முடிவை மிகவும் பலவீனமாக்கும்?
அ. அந்த ஊரில் மற்ற ரொட்டிக்காரர்களும் ஹாரன் அடிக்கிறார்கள்.
ஆ. ரொட்டி வாங்குபவர்களில் பலர் ஹாரன் சத்தம் பிடிக்கும் என்கிறார்கள்.
இ. ஹாரனின் ரப்பர் ஈரமானால் ஒலிக்காது.
ஈ. ரொட்டிக்காரரின் மனைவிக்கு அந்த ஹாரன் பிடிக்காது.”

பெரும்பாலோர் ‘ஆ’வில் விழுந்தார்கள். மழை என்ற சொல்லே கேள்வியில் இல்லை, அதுதான் இதன் அழகு. மழையில் ஹாரன் ஊமையாகிறது. மழையில் யாரும் கடைக்கு நடந்து போவதில்லை, வாசலுக்கு வருபவனிடம் வாங்குகிறார்கள். இரண்டுக்கும் காரணம் மழை, ஹாரன் அல்ல. இதை எழுதியது நான். இங்கே வந்த பிறகு நான் எழுதியதில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உன்னிடம் காட்ட வேண்டும் என்று நினைத்ததுண்டு. இப்படிக் காட்ட நேரும் என்று நினைக்கவில்லை.

உன் பிள்ளைகள் இதற்கு எப்படி விடை கண்டார்கள் என்று எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சியா

•

துமகெத்தே
மே 15, 1996

அடியே சியா,

இனி மேடம் என்று எழுத முடியாது. உன் தாளைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

கத்யோ அண்ணனை மறந்துவிட்டாயா?

கீழே கூடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு சைக்கிளில் போவாரே, அவர்தான். எழுபத்தொன்பதாம் ஆண்டாக இருக்க வேண்டும். சிகிஹோர்த் தீவு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மழை. நனைந்த கோழி மாதிரி மாடி ஏறி வந்தார், கையில் ஹாரன்.

“தங்கச்சிங்களா, நீங்க படிச்சவங்க, ஒரு நியாயம் சொல்லுங்க. இந்தச் சனியன் வாயத் தொறந்தா கூடை அப்படியே கெடக்கு. வாய மூடுனா வெயிலேறுறதுக்குள்ள காலி. கடல்ல போட்டுடவா?”

நீ கேட்டாய்: “இப்படி நனைஞ்சிருக்கீங்களேண்ணே, வெளிய மழையா?”

“மழைக்கும் என் ஹாரனுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டதுக்குப் பதில் சொல்லு தாயி!”

நாம் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நாம் வாயைத் திறக்குமுன் மனிதர் இறங்கிப் போய், சாலையைத் தாண்டி, தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று, கடலுக்குள் வீசிவிட்டார். கோடையில் வியாபாரம் படுத்துவிட்டது. புது ஹாரன் வாங்கிக்கொண்டு வந்து காட்டினார். “இது நல்ல ஜாதி ஹாரன். வெயில்லகூட விக்குது.” அன்று நீ மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாய். எனக்கு இன்னும் அது காதில் கேட்கிறது.

அன்று சாயங்காலமே அதைக் கேள்வியாக்கினோம். நீ எழுதினாய். மழை என்ற சொல்லை எடுத்துவிடு, அப்போதுதான் அழகு என்று சொன்னவள் நான். மனைவிக்குப் பிடிக்காது என்ற ‘ஈ’ கத்யோவின் மனைவியே படியில் நின்று சொன்னது. நீ போன பிறகும் ஒவ்வோர் ஆண்டும் முதல் மழைக்கு அதைத்தான் பலகையில் எழுதுகிறேன். கத்யோ கணக்கு என்றால் இந்த ஊரில் பாதி வக்கீல்களுக்குத் தெரியும்.

ஆகவே உங்கள் குழுவின் வாதம் ஓட்டைதான். ஆனால் முடிவு சரி. என் பிள்ளைகள் ஒன்பது பேரும் அந்தக் கேள்வியை முன்பே பார்த்திருக்கிறார்கள். ஓட்டைப் படகிலும் சில பேர் கரை சேர்ந்துவிடுகிறார்கள் சியா. அவ்வளவு ரோஷமாகக் கடிதம் எழுதிவிட்டு இதை எழுதுவது எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

ஒன்றை மட்டும் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். கேள்வி மணிலாவிலிருந்து இங்கே கசியவில்லை. இங்கிருந்து மணிலாவுக்குப் போயிருக்கிறது, உன் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு, டிக்கெட்கூட வாங்காமல்.

அந்தக் காலத்து ஸ்டென்சில் தாள் ஒன்றும் என்னிடம் இல்லை. எண்பத்துநான்காம் ஆண்டுப் புயலில் கூரையோடு போய்விட்டன. கத்யோ அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். உன்னிடம் நேராகவே கேட்கிறேன், நேராகப் பதில் சொல். எழுதும்போது உனக்குத் தெரியவே தெரியாதா?

இசாய்

•

மணிலா
மே 21, 1996

இசாய்,

உன் கடிதத்தை அலுவலகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வெளியே வந்தபோது “மேடம், உடம்புக்கு முடியலியா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

போன ஜூலையில் ஒரு நாள் இங்கே பெருமழை. வெள்ளத்துக்குப் பயந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கேள்வி ஒரே மூச்சில் வந்தது. தனியாகச் சிரித்தேன். இந்தக் கட்டடத்தில் நான் தனியாகச் சிரித்தது அன்றுதான். தெரியுமா என்று கேட்கிறாய். தெரியாது. ஆனால் அவ்வளவு சுலபமாக வந்த சந்தோஷத்தைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தேகப்படப் பிடிக்கவில்லை. இதற்குமேல் நேராக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“இதற்குமுன் எங்கும் பயன்படுத்தப்படாத கேள்வி” என்று ஒவ்வொன்றுக்கும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். இதற்கும் தந்திருக்கிறேன். எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. வேறு வருமானம் இல்லை, ஆளும் இல்லை.

ஒரு வழி யோசித்தேன். ஒன்பது பேருக்கும் தர்க்கப் பகுதியை மட்டும் மறுபடி ஒரு தேர்வு வைக்கலாம். தற்செயலாக ஒத்த கேள்வி ஒன்று வகுப்பில் இருந்தது என்று நீ எழுதிக் கொடுத்தால் போதும். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். உன் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், மறுபடியும் தேறிவிடுவார்கள்.

மழை என்ற சொல்லை எடுத்தது நீ இல்லை. நான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நீ எழுப்பிவிட்டதால் எழுதுகிறேன். எண்பத்திரண்டில் நான் கப்பல் ஏறிய அன்று வகுப்பே துறைமுகத்துக்கு வந்தது. நீ வரவில்லை. கயிறு அவிழ்க்கும்வரை படிக்கட்டிலேயே நின்றேன். கோபத்தில்தான் வரவில்லை என்று முடிவு செய்தேன். பிறகு எத்தனையோ தடவை அந்த முடிவை உடைத்துப் பார்த்திருக்கிறேன். காய்ச்சலாக இருந்திருக்கலாம். வண்டி கிடைக்காமல் போயிருக்கலாம். வராதது ஒன்று, கோபம் வேறொன்று, ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பாலம் இல்லை. இப்படிச் சொல்லித்தான் பல நாள் தூங்கினேன்.

சியா

•

துமகெத்தே
மே 27, 1996

சியா,

காய்ச்சல் இல்லை. வண்டியும் கிடைத்தது. கோபத்தில்தான் வரவில்லை. உன் வாதத்தில் பாலம் இல்லை, ஆனால் முடிவு சரி.

உன் பயணத்துக்காக ஒட்டரிசியை வாழையிலையில் சுற்றிப் புட்புட் அவித்து வைத்திருந்தேன். உன் கப்பல் ஊதும் சத்தம் கேட்டதும் சமையலறையில் உட்கார்ந்து அத்தனையையும் நானே தின்றேன். இரண்டு நாள் வயிற்றுவலி. மாணவர்கள் நாற்பது பேர் சேர்ந்த வாரத்தில் என்னைத் தனியாக விட்டுவிட்டு நீ போனாய். ‘நீயும் வா’ என்று கூப்பிட்டாய், உண்மைதான். நான் வரமாட்டேன் என்று தெரிந்துதான் கூப்பிட்டாய் என்று அன்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

மறுதேர்வு விஷயத்தை வகுப்பில் சொன்னேன். கேள்வியை எழுதியவர் யார் என்று சொல்லவில்லை. தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் தியோனிசியோ எழுந்து நின்றுவிட்டான்.

“திரும்ப எழுதுனா திருடுனோம்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் டீச்சர். நாளைக்கு வக்கீலானா, எதிர்க்கட்சி வக்கீல் மொதல்ல கேக்கப் போறது இதத்தான்.”

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். க்ளெண்டா மட்டும் ஒன்றும் பேசவில்லை. நாள் முழுக்கக் கவுண்டரில் பேசிக் களைத்தவள் என்று விட்டுவிட்டேன்.

அவன் சொல்வது நியாயம் என்று எனக்கும் படுகிறது. அரை உண்மையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் சியா.

செய்தி எப்படியோ பரவிவிட்டது. நம் முதல் வகுப்பில் படித்த ரொகேலியோ இப்போது நீதிபதி. காரை நிறுத்திவிட்டு மாடி ஏறி வந்தான். பலகையைப் பார்த்ததும் பழைய புத்தி. “‘ஈ’தான் சரியான விடைன்னு இப்பவும் சொல்றேன் டீச்சர். பொண்டாட்டிக்குப் பிடிக்கலன்னா எந்த ஹாரனும் நெலைக்காது” என்று சொல்லிச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “நாங்க அம்பது பேரு மணிலாவுக்கு வந்து சாட்சி சொல்றோம். கேள்வி இங்க பொறந்ததுன்னு நிரூபிச்சுட்டா முடிஞ்சுது” என்றான்.

“அப்ப அத அங்க எழுதுனது யாருன்னும் தெரிஞ்சுடும்” என்றேன்.

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. “சியா டீச்சரா?” என்று மட்டும் கேட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர்களைப் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் சொன்னால் உன்னைப் பிடித்துக் கொடுத்ததாகும். நீ சொன்னால் நீ சொன்னதாகும். நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். பதினான்கு ஆண்டு பேசாமல் இருந்தவளுக்கு அந்த உரிமை இல்லை. ஜூன் பத்தாம் தேதி கல்லூரி திறக்கிறது. அதை மட்டும் எழுதுகிறேன்.

மழையை எடுத்தது நான்தான்.

இசாய்

•

மணிலா
ஜூன் 5, 1996

இசாய்,

சொல்லிவிட்டேன்.

திங்கள்கிழமை குழு கூடியது. மறுதேர்வைப் பற்றிப் பேசத்தான் போனேன், பொய் சொல்ல விரும்பவில்லை. தாளையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். செவெரினோ சார், “அப்ப அந்த டீச்சர் திருட்ட ஒத்துக்கிட்டாங்க, அப்படித்தானே?” என்றார். திருட்டு என்ற சொல்லும் நீயும் ஒரே வாக்கியத்தில் வந்ததும் எனக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

“இல்ல சார். கேள்வி அவங்களோடது. எடுத்தது நான்.”

கத்யோ, மழை, கடல், எல்லாம் சொன்னேன். யாரும் நம்பவில்லை. “எல்னார், சிநேகிதியக் காப்பாத்தப் பாக்குறீங்க. பதினேழு வருஷத்துக்கு முன்னால நடந்ததா ஒரு கதை. கையில தாள் இல்ல. ஞாபகம் சாட்சியாகுமா?” என்றார் சார். அந்தக் கேள்வி நியாயமானதுதான் என்று எனக்கே பட்டது.

“சாட்சி இருக்காங்க சார். ஆனா நான் பேரு சொன்னா நான் ஏற்பாடு பண்ண ஆளுன்னு சொல்லுவீங்க. அந்த வகுப்புல முன்னாடி படிச்சவங்க யாரையாவது நீங்களே தேடிப் பிடிச்சுக் கேளுங்க” என்றேன்.

செவெரினோ சார், “சட்டப் பிரிவுல புதுசா சேர்ந்த அட்டர்னி உங்க பக்கத்து ஆள்தானே? கிறிஸ்துமஸுக்குக் காஞ்ச மாங்கா குடுத்தாங்களே?” என்று ஆள் அனுப்பினார். அந்தப் பெண்ணை நான் நடைவழியில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. விசாரணை விஷயம் எதுவும் அவளுக்குத் தெரியாது. என்ன தப்பு செய்தோமோ என்ற முகத்தோடு வந்து நின்றாள்.

சார் கேட்டார்: “அட்டர்னி, ஒரு ரொட்டிக்காரர். அவர் ஹாரன் சில நாள் அடிக்காது. அன்னைக்கு வியாபாரம் நல்லா நடக்கும். இத எங்கயாவது...”

முடிக்க விடவில்லை. “மழை சார்! மழை! கத்யோ கணக்குதானே? இங்க யாரு சார் உங்களுக்குச் சொன்னது?”

கேள்வியில் இல்லாத ஒரே சொல். அவள் நாலு விடைகளையும் வரிசையாக ஒப்பித்தாள். ‘ஈ’ வந்ததும் தானே சிரித்துவிட்டாள். எந்த ஆண்டு படித்தீர்கள் என்று கேட்டார்கள். எண்பது என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “சியா டீச்சர்! ரெண்டாவது வரிசை மாரிலு தூபாத் நான்தான் டீச்சர், எப்பவும் மாங்கா திம்பேனே” என்றாள். கல்யாணத்தில் பெயர் மாறியதால் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. ஒரே கட்டடத்தில் ஆறு மாதம் இருந்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. குழுவின் முன்னால் அழக்கூடாது என்று வைத்திருந்த அழுகை, மாங்காய் என்றதும் வந்துவிட்டது.

உன் பிள்ளைகள் ஒன்பது பேர்மீதும் குற்றம் இல்லை என்று தீர்ப்பு. கடிதம் உனக்குத் தனியாக வரும். இருபத்துமூன்றாம் கேள்வியை எல்லோருக்கும் நீக்கிவிட்டு மதிப்பெண்ணைத் திரும்பக் கணக்கிடுகிறார்கள். என்னைக் கேள்விப் பிரிவிலிருந்து விலக்கி விடைத்தாள் கிடங்குக்குப் போகச் சொன்னார்கள். வேலையை விட்டுவிட்டேன். பயமாக இருக்கிறது. ஆனால் நேற்றுக் காலை எழுந்தபோது யாரோ மார்மேலிருந்து இறங்கிப் போன மாதிரி இருந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். குழுவிடம் சொல்லிக்கொண்டு வந்தபோது, “மழைங்கற வார்த்தைய எடுத்துடு” என்று ஒரு குரல் கேட்டது. அது உன் குரல்.

சியா

•

துமகெத்தே
ஜூன் 14, 1996

சியா,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன்.

முதலில் நல்ல சேதி. தியோனிசியோவும் மற்ற ஏழு பேரும் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். போகுமுன் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள். தியோனிசியோ உன் பெயரைச் சொல்லித் தீயணைப்பு வண்டியின் மணியை அடித்துவிட்டு அதிகாரியிடம் திட்டு வாங்கினான்.

க்ளெண்டா போகவில்லை.

கேள்வியை நீக்கியதும் ஒன்பது பேருக்கும் ஒரு மதிப்பெண் குறைந்தது. எட்டுப் பேருக்குக் கையில் மிச்சம் இருந்தது. அவள் பட்டியலின் கடைசி வரியில் நின்றவள். அந்த ஒன்று போனதும் வெளியே விழுந்துவிட்டாள். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. உனக்கும் தோன்றவில்லை.

ஆறுதல் சொல்லலாம் என்று துறைமுகத்துக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். டிக்கெட் கிழித்துக்கொண்டே சொன்னாள்.

“டீச்சர், அன்னைக்கு நான் வகுப்புக்கே வரல.”

“என்னைக்கு?”

“நீங்க ஹாரன் கணக்குப் போட்டீங்களே, அன்னைக்கு. செபு கப்பல் லேட்டு. கவுண்டர மூட முடியல. மத்தவங்க சொல்லித்தான் அப்படி ஒண்ணு நடந்துச்சுன்னே தெரியும், அதுவும் பரீட்சை முடிஞ்சப்புறம்.”

“அப்ப பரீட்சையில?”

“யோசிச்சேன். ரப்பர் ஈரமானா அடிக்காதுன்னு போட்டிருக்கு. சைக்கிள்ல இருக்குற ஹாரன் எதனால ஈரமாகும்? மழை. மழை வந்தா எங்க கவுண்டர்லயே சனம் வேற மாதிரி நடந்துக்கும், ரொட்டிக்காரர்கிட்ட நடந்துக்காதா? அவ்வளவுதான் டீச்சர்.”

சியா, நாடு முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. என் எட்டுப் பேரும் ஞாபகத்தில் எழுதினார்கள். இவள் ஒருத்திதான் யோசித்து எழுதியிருக்கிறாள். பறிபோனது அவள் மதிப்பெண்.

“ஏம்மா, அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?”

“எப்படிச் சொல்றது? ஒம்பது பேரும் வகுப்புல பாத்தாங்கன்னு நீங்க எழுதிட்டீங்க. அதுலதான் எல்லாரும் தப்பிச்சோம். நான் மட்டும் பாக்கலன்னு சொன்னா, அப்ப இவளுக்கு எங்கிருந்து தெரிஞ்சுதுன்னு ஆரம்பிப்பாங்க. திரும்ப எல்லாரும் மாட்டணுமா? விடுங்க. அடுத்த வருஷம் எழுதுறேன். எனக்குப் பரீட்சை பழகிப்போச்சு.” அதற்குள் ஒருவர் வந்து சில்லறை இல்லை என்று சண்டை பிடித்தார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தபடி பதில் சொன்னாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எல்லோரும் என்று எழுதுமுன் ஒவ்வொருவராகக் கேள். இதை எத்தனை வருஷமாகப் பலகையில் எழுதுகிறேன்! ஒன்பது பேரும் பார்த்தார்கள் என்று உனக்கு எழுதியபோது ஒருத்தரையும் நான் கேட்கவில்லை. அவள் பேசாமல் இருந்ததற்கும் களைப்பு என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். உங்கள் குழுவுக்கு நான் காட்டிய ஓட்டை எல்லாம் என் கையிலேயே இருக்கிறது.

குழுவுக்கு எழுதியிருக்கிறேன். உனக்கு அங்கே இன்னும் பேச்சு இருந்தால் பேசிப் பார்.

இசாய்

•

மணிலா
ஜூன் 25, 1996

இசாய்,

செவெரினோ சாரை வீட்டில் போய்ப் பார்த்தேன். நீ எழுதியதையும் படித்திருக்கிறார். “அப்ப அந்தப் பொண்ணு ஒருத்திதான் நெஜமாவே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கா” என்றார். பட்டியலை மூடி அனுப்பியாகிவிட்டது, இனித் திறக்க விதி இல்லை என்றும் சொன்னார். கத்தலாம் என்று போனேன். மனிதர் வாசல்வரை வந்து வழியனுப்பினார், கத்த முடியவில்லை.

நான் சொன்ன உண்மையால் ஒருத்தி கீழே விழுந்தாள் என்பது இரவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று அதிலிருந்து முடிவு செய்ய மாட்டேன். அவ்வளவு தர்க்கம் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆனாலும் வலிக்கிறது.

வேலையை விட்டபின் சும்மா இருக்க முடியாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்து இரண்டு வாரம் கேள்வி எழுதினேன். அனுப்பியிருக்கிறேன், க்ளெண்டாவின் பயிற்சிக்கு. இவை புதியவை என்று கையெழுத்துப் போட இனி எனக்குத் தைரியம் இல்லை. ஒவ்வொன்றையும் நீ படித்துப் பார். அந்த மாடியில் பிறந்தது எதுவாக இருந்தாலும் அடித்துவிடு. மிஞ்சுவது அவளுக்கு.

சியா

•

துமகெத்தே
ஜூலை 6, 1996

சியா,

பாதிக்கு மேல் அடித்துவிட்டேன். பல் டாக்டரின் கிளி நம்முடையது. இரண்டு மணியோசைகளின் கதை நம்முடையது. தேங்காய் எண்ணெய் தடவினால் பதவி உயர்வு வரும் என்று நம்பிய பதிவாளர், ஐயோ, அவரை நான் மறந்தே போயிருந்தேன். அடிக்க அடிக்கச் சிரித்தேன். ஒன்றை அடிக்க மனம் வராமல் வெகுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எது என்று சொல்ல மாட்டேன்.

மிஞ்சியவை எனக்குத் தெரியாதவை. நான் இல்லாமல் நீ வாழ்ந்த ஆண்டுகளில் இருந்து வந்தவை போலிருக்கிறது. அடுக்குமாடி லிஃப்டு, அலுவலகத்தில் யாரும் குடிக்காத காப்பி, பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் வளர்க்கும் சேவல். அவற்றை மெதுவாகப் படித்தேன்.

க்ளெண்டாவிடம் கொடுத்தேன். ஒரே உட்காரலில் முடித்துவிட்டாள். ஏழாவதில் இரண்டு விடை சரி என்கிறாள். உன் பக்கம் நின்று வாதாடினேன். தோற்றேன். மறுநாள் வேறு வழியில் வாதாடினேன். அன்றும் தோற்றேன். பதினோராவதிலும் ஏதோ ஓட்டை இருக்கிறதாம். “எழுதுனவங்களே நேர்ல வந்து சொல்லட்டும் டீச்சர், உங்ககிட்டப் பேசி என்ன பிரயோஜனம்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மாடியில் உன் மேசை காலியாகத்தான் இருக்கிறது. என்னால் தனியாகத் தோற்க முடியவில்லை. வந்துவிடு.

இசாய்